மெயின் போர்டில் குடியேறிய பிள்ளையார்

ஹட்டன்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் யோகேஸ்வரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. வட்டகொடையில் நீங்களும் சீதாலெட்சுமி அக்காவும் சுகமாக இருப்பீர்கள். கடவுள் புண்ணியத்தில் இங்கு நாங்களும் நலம் என்று எழுதுவதுதான் முறை. இந்தத் தடவை அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் என் கஷ்டத்துக்கே கடவுள்தான் காரணம். போனில் சொன்னால் நீங்கள் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

அக்கரப்பத்தனைப் பக்கம் கட்டிய புது அரசாங்க அலுவலகத்துக்கு வயரிங், சீலிங், தண்ணீர்க் குழாய் எல்லாம் நான்தான் கொந்தராத்து எடுத்துச் செய்தேன், உங்களுக்குத் தெரியும். மெயின் போர்டை வாசலுக்கு நேரே, கிழக்குப் பார்த்த சுவரில் வைக்கச் சொன்னது வரைபடம். அப்படியே வைத்தேன். உள்ளே ஒவ்வொரு வயருக்கும் நம்பர் ஒட்டி, தலைவாரிப் பின்னிய மாதிரி இழுத்துக் கட்டியிருக்கிறேன். திறப்பு விழாவுக்கு நல்ல நேரம் பத்து நாற்பத்திரண்டு என்று திடீரென்று குறித்துவிட்டார்கள். பெரிய மனிதர்கள் முன் வாசலால் வர, நானும் என்னிடம் வேலை செய்யும் வீரய்யா பாஸும் ஏணியைத் தூக்கிக்கொண்டு பின் வாசலால் ஓடினோம். ஆறு மாதம் கழித்து, வேலை முடித்த சான்றிதழை வாங்கலாம் என்று போனால், என் மெயின் போர்டுக் கதவில் ஒரு பிள்ளையார் படம் தொங்குகிறது, கழுத்து முதல் கால் வரை பிளாஸ்டிக் மாலையோடு.

படத்தோடு நின்றிருந்தால் நான் ஏன் எழுதப் போகிறேன். பிள்ளையார் தனியாக இருக்கிறாரே என்று யாரோ முருகனைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். காவல்காரர் பண்டார ஒரு புத்தர் படம் வைத்திருக்கிறார். மூன்று பேருக்கும் இடம் போதாது என்று ஒரு பலகைத் தட்டு அடித்து, அந்தத் தட்டுக்கு ஆணியை என் பெட்டியிலேயே அறைந்திருக்கிறார்கள் அத்தான். இரும்புப் பெட்டியில. உள்ளுக்கு நானூறு வோல்ட் ஓடுது, வெளியில நின்னு சுத்தியலால அடிச்சிருக்கானுங்க, அந்தச் சாமிங்கதான் அவனுங்களக் காப்பாத்திருக்கு. அதுக்குக் கீழ ஒரு எண்ணெய் விளக்கு. அதைச் சுத்தி மினுக்கு மினுக்குன்னு சீரியல் பல்பு. பூவுக்குத் தெளிக்கும் தண்ணீர் பல்பில் படுகிறது, உடனே ட்ரிப் சுவிட்ச் விழுந்து கட்டடம் முழுக்க இருட்டாகிறது. சுவிட்சைத் தூக்கிவிட்டால் கரண்ட் வந்துவிடும். தூக்குவதற்குப் பெட்டியைத் திறக்க வேண்டும். திறப்பதற்குச் சாமியை நகர்த்த வேண்டும். நகர்த்த யாருக்கும் தைரியமில்லை. அதனால் கரண்ட் போனால் சூடம் கொளுத்துகிறார்கள். மூன்று நாளாக ஜன்னல் ஓரத்தில் மேசையைப் போட்டுக்கொண்டுதான் வேலை நடக்கிறது.

இதில் எனக்கு வயிறு எரிவது எங்கே என்றால், "மின்னிணைப்பு வேலை திருப்தியாக இல்லை" என்று எனக்கே கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். சான்றிதழ் தர மாட்டார்களாம். வியாழன் காலை பொறியியலாளர் வந்து பெட்டியைத் திறந்து பார்த்துச் சரி என்றால்தான் தருவார்களாம். வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குக் கினிகத்தேனைப் பள்ளிக்கூட டெண்டர் பெட்டியை மூடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் அதில் போட முடியாது. அந்த வேலை கிடைக்காவிட்டால் என்னிடம் இருக்கிற ஏழு பேரும் கொழும்புக்குப் போய்விடுவார்கள். வீரய்யா இருபத்திரண்டு வருஷமாக என்னோடு இருக்கிறான். போன கிழமை அவன் பயணப் பையைத் தைக்கக் கொடுத்திருப்பதைப் பார்த்தேன்.

நானே எடுத்துவிடலாம் என்றுதான் போனேன். வெள்ளிக்கிழமை போனேன். கிளார்க் தனுஷிகா, "இன்னைக்கு வெள்ளிக்கெழமைங்க ஐயா, வேற நாள் எடுங்க" என்றாள். அடுத்துப் போன நாள் பௌர்ணமி, போயா விடுமுறை. நேற்றுப் போய், பண்டாரவையே எடுக்கச் சொன்னேன். "அனே மஹத்தயா, மட்ட பயாய்" என்று சிங்களத்தில், 'ஐயோ ஐயா, எனக்குப் பயம்' என்று சொல்லி இரண்டு எட்டுப் பின்னால் போய்விட்டார். சாமான் கொண்டுவந்த ஹார்ட்வெயார் கடை ஹசன் நானாவைக் கேட்டேன். "நான் கை வச்சா நாளைக்கு அது வேற கதையாப் போகும், ஆள விடுங்க தம்பி" என்று லொறியில் ஏறிவிட்டார். சரி என்று நானே கையை நீட்டினேன். பல்லி கத்தியது. எனக்குப் பயம் என்று நினைக்காதீர்கள், நேரம் சரியில்லை, அவ்வளவுதான்.

எனக்கும் பக்தி இருக்கிறது அத்தான். ஆனால் கண்ட இடத்தில் சாமியை மாட்டிவிட்டு மறந்துபோகிறவன் நானில்லை. அந்த முதல் படத்தை மாட்டினானே ஒருவன், அவன்தான் எல்லாத்துக்கும் மூலம். அறிவு கெட்ட ஜென்மம், அவன் கையில் கிடைத்தால் ஏணியில் ஏற்றி ஏணியை எடுத்துவிடுவேன். இரண்டு கிழமையாக வேனில் போகும்போதும் வரும்போதும் அவனை ஏசாமல் நான் வாய் மூடியதில்லை. நீங்கள் கோயில் சபைத் தலைவர். ஐயரைக் கூட்டிக்கொண்டு புதன்கிழமையே வந்து, முறைப்படி பூசை போட்டு, அந்தப் படங்களை இறக்கித் தர வேண்டும். என் மானமும் ஏழு பேர் சோறும் உங்கள் கையில்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. அந்த மூன்று சாமிகளும் உங்களுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார்கள், எனக்குத்தான் வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
பொ. யோகேஸ்வரன்

பி.கு.: புதன் காலை. நீங்கள் வர வேண்டாம். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வீரய்யாவோடு இன்னொரு தடவை அங்கே போனேன். தனுஷிகா மாலையைக் கழுவுவதற்காகக் கழற்றியிருந்தாள். பிள்ளையார் காலடியில் கொட்டை எழுத்தில் 'யோகேஸ் எலக்ட்ரிக்கல்ஸ், ஹட்டன்' என்றும் அதற்குக் கீழே என் போன் நம்பரும் இருந்தன. போன வருஷம் நான் அடித்த கலண்டர். அத்திவாரம் போட்ட நாளிலிருந்து அங்கே காவல் இருக்கிற பண்டார, "மஹத்தயாதானே வச்சது. மொத நாள் தேங்கா ஒடச்சி எனக்கும் பாதி குடுத்தது" என்றார். வேலை தொடங்கும் நாள் படம் வைப்பதும், போர்டு ஏறியதும் அதன் கதவில் மாட்டுவதும், முடிந்ததும் எடுத்துக்கொண்டு போவதும் என் வழக்கம் அல்லவா. அந்தப் பத்து நாற்பத்திரண்டு அவசரத்தில் எடுக்காமல் ஓடியிருக்கிறேன். "கொந்தராத்துக்காரர் மாட்டின சாமி, எடுத்தா கரண்டு போயிடுமோன்னு நாங்க தொடலீங்க ஐயா. நீங்க எடுப்பீங்கன்னுதான் பாத்துக்கிட்டிருந்தோம்" என்றாள் தனுஷிகா. ஐந்து நிமிஷத்தில் மூவரையும் எதிர்ச் சுவருக்கு மாற்றினேன். பல்லி கத்தவில்லை. சுவிட்சைத் தூக்கினேன், கட்டடம் முழுக்க வெளிச்சம். நாளைக்குப் பொறியியலாளர் தாராளமாகத் திறந்து பார்க்கலாம். மேலே அந்த ஆளைப் பற்றி எழுதியதை மட்டும் அக்காவிடம் வாசித்துக் காட்டிவிடாதீர்கள். திரும்பி வரும்போது, முதல் நாள் நீயும் பக்கத்தில்தானே நின்றாய், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று வீரய்யாவைக் கேட்டேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "நீங்க அந்த ஆள ஏசுன ஏச்சுக்கு, எப்பிடிண்ணே சொல்றது" என்றான்.