அத்தை நட்ட செடியும் நான் செய்த மொழிபெயர்ப்பும்

சொந்த ஊருக்கு வேலை விஷயமாகப் போகவே கூடாது. கல்யாணத்துக்குப் போகலாம், காதுகுத்துக்குப் போகலாம், ஓட்டுப் போடப் போகலாம். ஃபைலைத் தூக்கிக்கொண்டு போனால் நாசம்தான். இது எனக்குத் தாமதமாகத் தெரிந்தது. தெரிந்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

அப்போது நான் சட்டம் படித்து முடித்து மூன்று வருஷம். சென்னையில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் ஜூனியர். கார்பன் வர்த்தகத்துக்கான ஒப்பந்தங்கள் எழுதுவதுதான் எங்கள் அலுவலகத்தின் வேலை. மரக்காணத்தில் இருக்கும் என் அப்பாவுக்கு இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

"எங்கேயோ ஒரு கம்பெனி புகை விடுதுப்பா. அதுக்கு ஈடா வேற ஒரு இடத்துல மரம் வளர்ப்பாங்க. அந்த மரம் எவ்வளவு கரியமில வாயுவை இழுத்துக்குதுன்னு கணக்குப் பண்ணி ஒரு சான்றிதழ் குடுப்பாங்க. அதுக்குப் பேருதான் கார்பன் கிரெடிட். புகை விடுற கம்பெனி அதை வாங்கிக்கும்."

"அப்ப புகைய நிறுத்த மாட்டான்?"

"அது வேற டிபார்ட்மென்ட்டுப்பா."

 

இந்தச் சான்றிதழ் கிடைக்க ஒரு முக்கியமான நிபந்தனை உண்டு. இந்த ஒன்றை மட்டும் நீங்கள் புரிந்துகொண்டால் போதும். திட்டம் வந்திருக்காவிட்டால் அந்த மரம் அங்கே வந்திருக்கவே கூடாது. எப்படியும் யாராவது நட்டிருப்பார்கள் என்றால் அந்த மரத்துக்குக் கிரெடிட் கிடையாது. நியாயம்தானே? நடக்கவே நடக்காத ஒன்றை நடத்திக் காட்டினால்தானே அதற்கு மதிப்பு! இந்த நிபந்தனையை ஒப்பந்தத்தில் பதினோரு பக்கத்துக்கு எழுதியவள் நானேதான். சீனியர் அதன் ஓரத்தில் 'நன்று' என்று பென்சிலால் குறித்திருந்தார். (அதைப் போட்டோ எடுத்து உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எட்டுப் பேர் கும்பிடு போட்டார்கள்.)

அந்தச் சமயத்தில்தான் மரக்காணம் பக்கம் கைவிட்டுப்போன உப்பளங்களில் இரண்டு வருஷமாக அலையாத்தி மரம் வளர்த்துவரும் திட்டம் ஒன்று பதிவுக்காக எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. சீனியர் வரைபடத்தை விரித்ததுமே நான் குதித்தேன்.

"சார், இது எங்க ஊரு சார்! நாற்றங்கால் வெச்சிருக்கிற மகளிர் குழுவுக்குத் தலைவியே எங்க அத்தைதான் சார்!"

"அப்படியா? அப்போ ஆடிட்டர் வர்ற அன்னைக்கு நீயே போயிடு. மொழிபெயர்ப்புக்கும் ஆள் தேட வேண்டாம்."

ஆடிட்டர் என்றால் கணக்கு பார்க்கிறவர் இல்லை. திட்டத்தில் சொன்னதெல்லாம் உண்மையா என்று நேரில் வந்து சரிபார்க்கிறவர். அவர் சரி என்றால்தான் திட்டம் பதிவாகும். எனக்குத் தனியாகக் கொடுக்கப்பட்ட முதல் ஃபைல் அது.

அஞ்சலை அத்தை அப்பாவின் அக்கா. சின்ன வயசிலிருந்து உப்பளத்தில் கூலி வேலை. மழை மாசம் வந்தால் உப்பு கரைந்துவிடும், வேலையும் கரைந்துவிடும். அந்த மாசங்களில்தான் நாற்றங்கால் வேலை அவளுக்கும் குழுப் பெண்களுக்கும் கைகொடுத்தது. திட்டம் பதிவானால் இன்னும் பல வருஷத்துக்கு மழைக்காலத்திலும் வேலை இருக்கும். இல்லாவிட்டால் அந்த வருஷத்தோடு சரி. ஆகவே குழுவில் இருந்த எல்லாப் பெண்களும் என்னை நம்பியிருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே தப்பு அதுதான்.

ஆடிட்டர் வருவதற்கு இரண்டு நாள் முன்பே ஊருக்குப் போய், எல்லோரையும் புயல் பாதுகாப்பு மையத்தில் கூட்டி உட்கார வைத்தேன். எனக்கு இருந்த பயமெல்லாம் ஒன்றே ஒன்றுதான். எங்கள் ஊர்க்காரர்களிடம் யார் எதைக் கேட்டாலும் முதலில் குறை சொல்லுவார்கள். ரோடு சரியில்லை, பஸ் நிற்காமல் போகிறது, போன வருஷம் கொடுத்த கையுறை கிழிந்துபோச்சு என்று ஆரம்பித்தால் அந்த மனுஷன் என்ன நினைப்பார்?

"தோ பாருங்க, அவரு இன்னா கேட்டாலும் குறை மட்டும் சொல்லாதீங்க. செடி மேல உங்களுக்கு எவ்வளவு அக்கறைன்னு காட்டுங்க. பெருமையா பேசுங்க. புரியுதா?"

"புரியுது வக்கீலம்மா!" என்று கோரஸாகச் சொன்னார்கள். அத்தைக்கு முகமெல்லாம் பூரிப்பு. நான் அன்றைக்கு வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட்டில் இருந்தேன். (அந்த வெயிலில், அந்த உப்புக் காற்றில், கறுப்பு பேன்ட். என் அறிவுக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.)

சாட்சிக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது சட்டக் கல்லூரியில் கற்றுத்தரும் முதல் பாடங்களில் ஒன்று. அது எனக்கு அப்போது நினைவுக்கு வரவே இல்லை.

ஆடிட்டர் வந்தார். தாஸ் என்று பெயர். டெல்லியிலிருந்து விமானத்தில் வந்து, ஈ.சி.ஆர். ரோட்டில் காரில் வந்து இறங்கினார். ஒல்லியான, அமைதியான மனிதர். தொப்பி. என்னிடம் ஆங்கிலத்தில் நாலே வார்த்தை பேசினார். நான் ஆங்கிலத்தில் நாற்பது வார்த்தை பேசினேன். "இது என் சொந்த ஊர், இங்கே ஒவ்வொரு அங்குலமும் எனக்குத் தெரியும்" என்றேன். நடவு நடந்த இடத்தை நான் அதுவரை ஒரு முறைகூடப் போய்ப் பார்த்ததில்லை என்பதைச் சொல்லவில்லை. பிறந்த ஊர்தானே, அதில் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?

பெண்கள் பாயில் உட்கார்ந்தார்கள். தாஸுக்கும் எனக்கும் நாற்காலி. அவர் ஆங்கிலத்தில் கேட்பார், நான் தமிழில் சொல்லுவேன், அவர்கள் தமிழில் சொல்லுவதை ஆங்கிலத்தில் சொல்லுவேன். முதல் அரைமணி நேரம் பிரமாதமாகப் போயிற்று. கையுறை கிழிந்ததைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் மனதுக்குள் சீனியரின் அடுத்த 'நன்று'வை எழுதிக்கொண்டிருந்தேன்.

பிறகு தாஸ் வரைபடத்தை எடுத்தார். உப்பங்கழிக் கரையை ஒட்டி நீளமாக இருந்த ஒரு பகுதியைக் காட்டி, "இந்தத் திட்டம் வந்திருக்காவிட்டால் இங்கே மரம் இருந்திருக்குமா?" என்று கேட்டார்.

நான் தமிழில் கேட்டேன். கேட்கும்போதே இதுதான் அந்தப் பதினோரு பக்கம் என்று உறைத்தது. ஆனால் அத்தை முந்திக்கொண்டாள்.

"இன்னா இப்டி கேட்டுட்டாரு? கரையோரத்து மரமெல்லாம் இவங்க வர்றதுக்கு முன்னாடியே நாங்க வெச்சதுதான்! ஒரு புயல்ல கரை அரிச்சிக்கினு போச்சு. அப்போ நாங்க பத்துப் பொம்பளைங்க, முருங்கைக்காயாட்டம் தொங்குமே அந்த விதை, அதைப் பொறுக்கியாந்து சேத்துல குத்தினோம். யாரும் சொல்லல, யாரும் கூலி குடுக்கல. இவங்க வரலைன்னாலும் நாங்க நட்டுக்கினுதான் இருந்திருப்போம்னு சொல்லும்மா!"

மற்றவர்களுக்கும் ஆவேசம் வந்துவிட்டது. "என் ஊட்டுக்காரரு வேலி கட்டினாரு!" "நான் மாசமா இருக்க சொல்லோ சேத்துல எறங்கி நட்டேன், எழுதிக்கச் சொல்லு!" ஒவ்வொருத்தரும் ஒரு வார்த்தை சேர்க்கச் சேர்க்க, கரையோரப் பகுதி முழுக்க என் கண் முன்னால் கிரெடிட்டிலிருந்து கழன்று விழுந்துகொண்டிருந்தது. நான் சொன்னபடிதான் செய்தார்கள். பெருமையாகப் பேசினார்கள்.

தாஸ் என் முகத்தைப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, நல்ல ஆங்கிலத்தில், நிதானமாகச் சொன்னேன்: "இந்தத் திட்டம் வந்த பிறகுதான் எங்களுக்கு மரம் நடும் எண்ணமே வந்தது, இல்லாவிட்டால் அங்கே வெறும் சேறுதான் இருந்திருக்கும் என்கிறார்கள்."

தாஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். பேனாவை மூடினார். பிறகு சுத்தமான தமிழில் சொன்னார்:

"மேடம், நான் பன்னெண்டாவது வரைக்கும் நெய்வேலிலதான் படிச்சேன். அப்பாவுக்குச் சுரங்கத்துல வேலை. அந்தம்மா மாசமா இருந்தப்போ நட்டேன்னு சொன்னாங்களே, அதை விட்டுட்டீங்க."

பாயில் இருந்தவர்களுக்குத் தாஸ் தமிழ் பேசியதில் ஒரே சந்தோஷம். "அய்ய, நம்மூரு ஆளாட்டம் பேசுறாரே!" என்று ஒருத்தர் வாயைப் பொத்திச் சிரித்தார். எனக்கு, அந்தப் புயல் மையத்துக்குள்ளேயே ஒரு புயல் புகுந்து என்னைத் தூக்கிக்கொண்டு போகாதா என்றிருந்தது.

அத்தைதான் முதலில் விஷயத்தைப் பிடித்தாள். "இவ இன்னா சொன்னா உங்ககிட்ட?"

தாஸ் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். அத்தை என் பக்கம் திரும்பினாள். அவள் முகம் மாறியதை நான் இப்போதும் மறக்கவில்லை.

"நாங்க வெச்ச மரத்த நாங்க வெக்கலன்னு சொன்னியாடி?"

"அத்தை, அப்படி இல்ல... நீங்க நட்டதா சொன்னா கிரெடிட் கிடைக்காது. சட்டம் அப்படி."

"நல்லது செஞ்சவங்களுக்கு ஒண்ணும் இல்ல, செய்யாதவங்களுக்குத்தான் குடுப்பாங்களா? இன்னா சட்டம்டி இது?"

அந்தச் சட்டத்தைப் பதினோரு பக்கத்துக்கு எழுதியவளே நான்தான். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது உப்புக் காற்றால் என்று சொல்லிக்கொண்டேன்.

தாஸ் எழுந்தார். "வாங்கம்மா, நீங்க நட்டதைக் காட்டுங்க" என்றார். எல்லோரும் கிளம்பினோம். கரையோரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் மரங்கள் அடர்ந்து நின்றன. ஒரு முறை வந்து பார்த்திருந்தால், திட்டம் வந்து இரண்டு வருஷத்தில் இவ்வளவு வளராது என்று எனக்கே தெரிந்திருக்கும். நான் அதே கறுப்பு பேன்ட்டோடு முழங்கால் வரை சேற்றில் நின்றேன். என் வலது கால் செருப்பு அங்கேயே தங்கிவிட்டது.

அங்கிருந்து தாஸ் கரைக்கு உள்பக்கமாகக் கைகாட்டினார். கைவிட்ட உப்பளம் வெள்ளையாய்ப் பொட்டலாய்க் கிடந்தது. நடுவே மீன் முள் மாதிரி வெட்டிய வாய்க்கால்களும், அவற்றின் ஓரத்தில் சின்னச் சின்னக் கன்றுகளும்.

"இந்த உப்புப் பாத்திங்கள்ல? இங்கயும் நீங்களே நட்டிருப்பீங்களா?"

 அத்தை கோபம் தணியாமலே சொன்னாள்:

"இதுலயா? யாருங்க தொடுவா! உப்பு வெளைஞ்ச மண்ணு, புல்லு கூட மொளைக்காது. மிஷின் விட்டு வாய்க்கா வெட்டி, கழித் தண்ணி உள்ள வந்து போனப்புறம்தான் கன்னு பொழைச்சுது. எங்களால ஆவற காரியமா அது?"

தாஸ் எழுதிக்கொண்டார். யாரும் மொழிபெயர்க்கவில்லை.

அவருடைய அறிக்கை சில வாரங்களில் வந்தது. சீனியர் என்னைக் கூப்பிட்டு, அதிலிருந்து ஒரு பத்தியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். கரையோரப் பகுதியைத் திட்டத்திலிருந்து நீக்க வேண்டும். உப்பளப் பகுதியை ஏற்கலாம். காரணம்: உள்ளூர்ப் பெண்கள் தங்களுக்கு நஷ்டம் என்று தெரிந்த பிறகும் சொன்னதை மாற்றவில்லை, ஆகவே அவர்களுடைய மற்றப் பதில்களையும் நம்பலாம். மொழிபெயர்ப்பாளரை மாற்றவும்.

சீனியர் அறிக்கையை என்னிடமிருந்து வாங்கி மூடி வைத்தார். பிறகு, "உங்க அத்தை வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்" என்றார். அடுத்த ஆறு மாசம் எனக்கு ஆவணங்களில் பக்க எண் போடும் வேலை.

திட்டம் சுருங்கினாலும் பதிவாகிவிட்டது. மழை மாசத்தில் நாற்றங்கால் வேலை இன்றும் நடக்கிறது. அத்தை என்னோடு பொங்கல் வரைக்கும் பேசவில்லை. நானாகப் போய்க் காலில் விழுந்த பிறகுதான் பேசினாள். அதற்கு அவள் விதித்த நிபந்தனை, கரையோரத்து மரங்களை நட்ட பத்துப் பேருடைய பெயரையும் நான் ஒரு தாளில் எழுதி, கீழே வக்கீல் என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்பது. சட்டப்படி அதற்கு ஒரு மதிப்பும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அது இப்போது அத்தை வீட்டில் கண்ணாடி போட்டு மாட்டப்பட்டிருக்கிறது.

இதெல்லாம் முடிந்து, எனக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. ஆனால் வீட்டில் அந்த நாளை யாரும் விடுவதாக இல்லை. போன மாசம் அத்தை சென்னைக்கு வந்திருந்தபோது, என் வீட்டுக்காரர் சாப்பிட்ட தட்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். அத்தை சமையலறை வாசலில் போய் நின்றாள்.

"மாப்ள, ஒண்ணு கேக்கறேன். நான் வரலைன்னா இதைக் கழுவியிருப்பீங்களா?"

"சத்தியமா மாட்டேன் அத்தை."

"அப்ப கிரெடிட்டு உங்களுக்குத்தான்!" என்றாள் அத்தை. வீடே சிரித்தது.

தினமும் தட்டு கழுவுகிறவள் நான். எப்படியும் நான் கழுவிவிடுவேன் என்பதால் எனக்கு ஒரு கிரெடிட்டும் கிடையாதாம். என்ன செய்வது, நானே எழுதிய சட்டம்.