விளம்பரத்தைத் தொடாமல் பதினான்கு நாள்

என் மனைவியின் ஒரே தம்பியும், கம்ப்யூட்டர் கரை கண்டவரும், எங்கள் சோபா பட்டறைக்கு இணைய விளம்பரம் என்னும் ஏழரையை இழுத்துவிட்டவருமான அன்பு மச்சானுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அக்கா, கால் கழற்றிய இரண்டு சோபாக்கள் எல்லோரும் நலம். அங்கே நீங்களும் தங்கச்சியும் குழந்தைகளும் நலமாகத்தான் இருப்பீர்கள். விளம்பரம் கொடுக்காதவர்களுக்கு என்ன குறை?

இந்த இடத்தில் ‘நிற்க’ என்று எழுதுவார்கள். என்னால் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

நீங்கள் வந்த அன்று சொன்னது அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. சோபா ரிப்பேர் என்று யாராவது தேடினால் நம் விளம்பரம் தெரியும், அதை அழுத்தினால்தான் நமக்குச் செலவு, அன்றைக்கு ஒதுக்கிய தொகை தீர்ந்தால் மறுநாள் காலைவரை விளம்பரம் தூங்கிவிடும் என்றீர்கள். தலைப்பை மட்டும் மாற்றி இரண்டு விளம்பரம் ஓடட்டும், ஒன்றை அத்தான் எழுதட்டும், ஒன்றை அக்கா எழுதட்டும், எது ஆட்களைக் கூட்டிவருகிறது என்று பார்ப்போம் என்றீர்கள். "பதினாலு நாளைக்கு எதையும் தொடாதீங்க அத்தான்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வண்டி ஏறிவிட்டீர்கள். தொடாமல் இருக்க நான் என்ன மரக்கட்டையா? ஒட்டிய பசை காய்வதற்குள் நாலு தரம் விரலை வைத்துப் பார்க்கிறவன் நான்.

உங்களிடம் மறைத்த விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பதினான்கு நாளில் ஐந்து வேலையாவது வராவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டு மகள் வீட்டு மாடி அறைக்குப் போய்விடுவது என்று அக்காவும் நானும் பேசி முடித்திருக்கிறோம். மகள் தங்கமானவள்தான். ஆனால் அங்கே போய் நான் என்ன செய்வேன்? மாப்பிள்ளை வாங்கிப் போட்டிருக்கும் புது சோபாவில் உட்கார்ந்து, இது எப்போது கிழியும் என்று பார்த்துக்கொண்டிருக்கவா? உங்கள் அக்காவோ இப்போதே அட்டைப்பெட்டி சேர்க்க ஆரம்பித்துவிட்டாள். கிளம்ப அவ்வளவு அவசரம்!

என் தலைப்பு ‘முப்பது ஆண்டு அனுபவம், தரமான சோபா ரிப்பேர்’. அக்கா என்ன எழுதினாள் என்று நான் படிக்கவே இல்லை. போட்டி என்று வந்துவிட்டால் எதிராளி எழுதியதைப் படிப்பதா என்று ஒரு ரோஷம். தேடும்போது அவளுடையது வந்தால் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தையும் மூடிவிடுவேன். என்னுடையது வந்தால், ஒழுங்காக வேலை செய்கிறதா என்று ஒரு அழுத்து அழுத்துவேன், பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பதில்லையா, அந்த மாதிரி. நாலாம் நாள் கணக்கைத் திறந்தால் என் விளம்பரத்துக்கு நாற்பத்தோரு அழுத்தல், அவளுடையதுக்கு வெறும் ஒன்பது. மீசையை முறுக்கிக்கொண்டு காட்டினேன். "என்னோட ஒன்பது பேர்ல மூணு பேர் வேலை கொடுத்திருக்காங்க. உங்க நாப்பத்தோரு பேர்ல ஒருத்தராவது போன் பண்ணாங்களா?" என்றாள். யோசிக்கிறார்கள் என்றேன்.

ஏழாம் நாள் போன் அடித்தது, நானே பாய்ந்து எடுத்தேன். "பிரிட்ஜ் ரிப்பேர் பண்ணுவீங்களா?" என்றார் ஒருவர். அடுத்தவருக்கு வாஷிங் மெஷின். மூன்றாவது அம்மாளுக்கு ஹார்மோனியம். எனக்கு வந்ததே கோபம்! இன்ன வார்த்தையைத் தேடுகிறவர்களுக்கு நம் விளம்பரத்தைக் காட்டாதே என்று ஒரு பட்டியல் வைத்துக் காட்டினீர்களே, அதைத் திறந்தேன். பிரிட்ஜ், மெஷின் என்று ஒவ்வொன்றாகப் போடுவானேன், வேரையே வெட்டிவிடுவோம் என்று ‘ரிப்பேர்’ என்ற ஒரே வார்த்தையைப் போட்டேன். அதோடு தொல்லை ஒழிந்தது. ஆனால் பாருங்கள், உங்கள் விளம்பரத்தின் லட்சணம், அதற்கப்புறம் வேறு எந்த அழைப்பும் வரவில்லை. மூன்று நாளாகப் போன் வெட்டுமேசையில் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் ஊமையாகக் கிடக்கிறது. போனே கெட்டுப்போயிற்றோ என்று எதிர் வரிசைப் பூட்டுக்கடைக்காரரை ஒரு தடவை அடிக்கச் சொன்னேன். அடித்தது. ஆசையாக எடுத்து "வணக்கம், சோபா பட்டறை" என்றேன். "நான்தாங்க, எதிர்ல நிக்கிறேன்" என்றார்.

ஆகவே, கடிதம் கண்டவுடன் இரண்டு விளம்பரத்தையும் நிறுத்திவிடுங்கள். நான் தோற்றுவிட்டேன். மனசு கேட்கவில்லை மச்சான். ஸ்பிரிங் கட்டுவதையும் ஆணி அடிப்பதையும் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. அக்கா ஆசைப்படி பெட்டியைக் கட்டட்டும்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம். உங்களுக்கும் ஆசீர்வாதம் உண்டு, கோபம் ஆறினதும் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
பாதி ராத்தல் பஞ்சு மட்டும் மிச்சமுள்ள
அத்தான்

பின்குறிப்பு: மேலே சொன்ன எதையும் செய்து தொலைக்காதீர்கள். நான் உறை தேடப் போன நேரத்தில் உங்கள் அக்கா கடிதத்தைப் படித்துவிட்டாள். "ரிப்பேருங்கிற வார்த்தையையே தடுத்துட்டு, ரிப்பேருக்கு யாரு வருவாங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டு, பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டாள். ஒரு மணி நேரத்தில் போன். எடுத்தேன். "கைராசிக்காரர் இருக்காருங்களா?" என்றது ஒரு குரல். ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். மறுபடி அடித்தபோது அக்கா பிடுங்கி, "இருக்காருங்க, இங்கதான் முழிச்சிட்டு நிக்கிறாரு" என்று சொல்லி, ஒரு நீள சோபாவும் ஆறு நாற்காலியும் ரிப்பேருக்கு வாங்கிவிட்டாள். இது நாலாவது வேலை. இன்னும் ஒன்று வேண்டும், நாலு நாள் இருக்கிறது.

அதற்கப்புறம்தான் அவள் விளம்பரத்தைப் படித்தேன். ‘சோபாவைத் தூக்கிப் போடும் முன் எங்கள் வீட்டுக்காரரிடம் ஒருமுறை காட்டுங்கள். கைராசிக்காரர்.’ அட்டைப்பெட்டிகள் துணி மாதிரிகளை அடுக்கிவைக்கத்தானாம்.

என் விளம்பரத்தை மட்டும் நிறுத்துங்கள். நாற்பத்தோரு அழுத்தலில் நாற்பது என்னுடையது. மீதி ஒன்று யார் என்று விசாரித்தேன், உங்கள் அக்காதானாம். அவளுடையதை ஓடவிடுங்கள், இனி நான் எதையும் தொடமாட்டேன். இதுவரை அவளுடையதை மூன்று தடவை அழுத்திவிட்டேன், அது மட்டும் அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.