சைரன் அண்ணனும் மசியாத கியரும்

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையுள்ள அத்தனை தொழிற்சாலைச் சங்குகளையும் ஒரே நேரத்தில் ஊதவிட்டாலும், எங்கள் பக்கத்துப் போர்ஷன் சைரன் அண்ணனின் குரலுக்கு முன்னால் அவை வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். அதைக் கேட்கும் தைரியம் எனக்கு வந்ததில்லை. கோபத்தில் அவர் பேதம் பார்ப்பதில்லை. கம்பெனி பஸ் தாமதமாக வந்தால் டிரைவரைத் திட்டுவார். சரியான நேரத்துக்கு வந்துவிட்டால், டீ குடிக்க விடாமல் வந்து நிற்கிறாயே என்று அதற்கும் திட்டுவார்.

எனக்கும் கோபம் வரும். வராமல் என்ன செய்யும்? எனக்கு எப்போதும் நைட் ஷிப்ட். காலையில் வந்து கட்டையைச் சாய்த்தால்தான் தூக்கம். எங்கள் இரண்டு போர்ஷனுக்கும் நடுவில் இருந்ததோ ஒற்றைச் செங்கல் சுவர். அந்த மனிதர் தும்மினால் என் வீட்டுத் தட்டு ஆடும்.

அவருடைய கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. தேவையில்லாத பொருளைக் கண்டால் அதில் சிவப்புச் சீட்டு ஒன்றைக் கட்டிவிட வேண்டும். ஒரு வாரத்துக்குள் யாரும் வந்து அது வேண்டும் என்று சொல்லாவிட்டால் பொருள் குப்பைக்குப் போய்விடும். கம்பெனிக்குள் இருக்கும்வரை நல்ல வழக்கம்தான். அண்ணன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அண்ணியின் ஊறுகாய் ஜாடியில் ஒரு சீட்டு. தாய்மாமன் சீராகக் கொடுத்த டிரங்குப் பெட்டியில் ஒரு சீட்டு. அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு அவிழ்த்துப் போட்டார். ஒருநாள் பென்னலூரிலிருந்து அண்ணியின் அம்மா வந்து தங்கினார். அந்த அம்மாவின் துணிப்பையிலும் ஒன்றைக் கட்டினார் பாருங்கள், அங்கேதான் பிடித்தது சனி.

அண்ணி இன்னொரு சீட்டை எடுத்து அண்ணனின் சட்டைப் பொத்தானில் கட்டிவிட்டு, அம்மாவோடு பென்னலூருக்குக் கிளம்பிப் போய்விட்டார். ஒரு வாரம் ஆயிற்று. அண்ணன் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு யாரும் வரவில்லை.

நேரே போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஊரே கேட்கத் திட்டத் தெரிந்த வாய்க்கு அது மட்டும் வராதாம். அதற்குப் பதில் மாடிப்படிக்குக் கீழே கிடந்த பழைய மோட்டார் சைக்கிளை இழுத்து வெளியே போட்டார். வலது காலால் கியர் போடும் அந்தக் காலத்து வண்டி. கல்யாணமான புதிதில் அண்ணியை வைத்துக்கொண்டு அதில்தான் சுற்றினாராம். அதை ஓட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றால் அண்ணி தானாக ஏறி உட்கார்ந்துவிடுவார் என்று ஒரு நம்பிக்கை.

இன்ஜின் சீக்கிரமே உயிர் பெற்றுவிட்டது. கியர்தான் மசியவில்லை. கியர் லீவர் மாட்டுகிற இரும்புத் தண்டு, மழைத் தண்ணீர் இறங்கி, கியர் பெட்டியின் அலுமினிய மூடியோடு ஒட்டிப்போயிருந்தது. கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, மூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். மரச்சுத்தியால் டொக்கென்று ஒரு தட்டு. ஒரு சொட்டு எண்ணெய். தண்டின் பரம்பரைக்கே ஒரு திட்டு. மறுபடி டொக். ஓயாமல் தட்டினாலாவது பழகிப்போகும். அடுத்த டொக் எப்போது வரும் என்று காத்துக்கிடந்தே என் பகல்கள் பாழாய்ப் போயின. எனக்கு வேலையில் கண் சொருகியது. சூப்பர்வைசர் என்னைத் திட்ட ஆரம்பித்தார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் நின்றேன். பெரிய சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போட்டு முடிக்கச் சொன்னேன்.

"ஓங்கிப் போட்டா மூடி விரிசல் வுட்டுடும்டா. அப்பாலே இதுக்கு வேற கெடைக்காது. எண்ணெய குடுத்துகினு, இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம் திருப்பிகினே இருக்கணும். அதுவா மனசு எறங்கி வரணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இந்தப் பொறுமைல கால்வாசி அண்ணிகிட்ட காட்டிருந்தா அவங்க எதுக்குண்ணா போறாங்க? நான் எதுக்குத் தூக்கமில்லாம சாவுறேன்?"

தெருவே அதிரப்போகிறது என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. மூடியைத் தரையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் டொக் இல்லை. பதிலாக எண்ணெய் வேகும் நாற்றம் வந்தது. எட்டிப் பார்த்தால், அண்ணியின் இட்லிக் குண்டானில் கியர் பெட்டி மூடி வெந்துகொண்டிருக்கிறது. சூட்டில் அலுமினியம் இரும்பைவிடக் கொஞ்சம் அதிகமாக விரியும், பிடி தளரும் என்றார். துணியைச் சுற்றிப் பிடித்துத் திருகினார். கிறீச்சென்று ஒரு சத்தம். தண்டு கையோடு வந்துவிட்டது. குண்டானைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தோம். இனி அதில் வேகும் இட்லியைப் பெட்ரோல் பங்கில்தான் விற்க முடியும்.

தண்டைத் தேய்த்து, கிரீஸ் வைத்து, மூடியை வண்டியில் மாட்டி முடித்ததும் புதுக் குண்டான் ஒன்று வாங்கிவந்தார். என்னையும் விடவில்லை. "கூட வாடா, எனக்குப் பேச வராது" என்றார். குண்டானைக் கட்டிக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்தேன். வழியில் போன கண்டெய்னர் லாரி ஒன்றைக்கூட மனிதர் திட்டாமல் விடவில்லை.

பென்னலூரில் அண்ணியின் அம்மா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நான் இறங்கி நின்றேன். அண்ணி வெளியே வந்தார். அண்ணனைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், என் கையிலிருந்த குண்டானைப் பார்த்தார்.

"பழசுல இன்னாத்த வேகவச்ச?"

"கியர் பொட்டி மூடி." அந்தக் குரல் அவருடையதுதானா என்று நான் திரும்பிப் பார்த்தேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "கோவம் வராதுன்னு பொய் சொல்ல மாட்டேன். உன் மேல காட்ட மாட்டேன். அத்தைகிட்டயும் சொல்லிடறேன். வூட்டுக்கு வா."

அண்ணி உள்ளே போனார். குண்டானை நான் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றி மாற்றிப் பிடித்தேன். கடைசியில் துணிப்பையோடு வந்தார். அவருடைய அம்மாவும் பின்னால் வந்து நின்றார். அண்ணன் அவரிடம் போய்க் கைகூப்பி என்னவோ முணுமுணுத்தார். அண்ணன் திரும்பி வந்து வண்டியைக் கிளப்பியதும், அண்ணி என் கையிலிருந்த குண்டானை வாங்கிக்கொண்டு, நான் உட்கார்ந்திருந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தார்.

நான் எப்படி வீடு போவேன் என்று இரண்டு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. உச்சி வெயில். பஸ் நிற்கும் இடத்துக்கு நடக்க வேண்டும். ராத்திரி எனக்கு வேலை. அந்த ஆளை நன்றாகத் திட்டிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"பாத்துப் போண்ணா" என்றுதான் வந்தது.