சாவி மேனேஜரின் சபதம்

திருவண்ணாமலையில் அண்ணாமலையாருக்கு அடுத்தபடியாகப் பக்தர்களை அதிக நேரம் நிற்க வைத்தவர் எங்கள் லாட்ஜ் மேனேஜர்தான். சந்நிதியிலாவது கூட்டம் காரணம். இவரிடம் ஈ காக்கை இல்லாத நாளிலும் நிற்க வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் வங்கி வேலைக்காக அந்த ஊருக்குப் போய், அந்த லாட்ஜில் மாத வாடகைக்கு அறை எடுத்திருந்தேன். மேனேஜருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவோ, ஊருக்கெல்லாம் அவர் சாவி மேனேஜர். அறை கேட்டு யார் வந்தாலும் சாவியை உயரத் தூக்கிக் காட்டி, "இத உங்க ஊர்ல என்னான்னு சொல்வீங்க?" என்பார். பதில் வந்தால்தான் சாவி கைக்கு வரும்.

பதிலைப் பொறுத்துத்தான் அறையும். 'சாபி' என்ற வடக்கத்திக்காரருக்கும் 'சாவி' என்ற மராட்டியருக்கும் மலை தெரிகிற முன்பக்கம். 'தாளம் செவி' என்ற ஆந்திரக் குடும்பத்தை, "பாதி தேறுது" என்று நடு அறைக்கு அனுப்புவார். 'தாக்கோல்' என்ற கேரளத்துக்காரர்களுக்குச் சமையல்கட்டுப் புகை வருகிற பின்பக்கம். என்ன குற்றத்துக்காக இருமுகிறோம் என்று அவர்களுக்குக் கடைசிவரை தெரியாது.

"அத்தினி பாஷைக்கும் இந்த வார்த்த நம்மகிட்டருந்துதான் சார் போச்சு" என்பார் என்னிடம்.

முதலாளி ஒருநாள் பொறுக்க முடியாமல், "யோவ், அது தமிழே இல்லன்னு எவனாவது வந்து நின்னா என்னய்யா பண்ணுவ?" என்றார்.

"அப்புறம் இந்த நாற்காலில உக்கார மாட்டேங்க."

சும்மா சொல்கிற ஆள் இல்லை. ஒருமுறை மெஸ்காரரிடம் கோபித்துக்கொண்டு, "உன் சாம்பார தொடமாட்டேன்" என்றவர், அன்று முதல் இட்லியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள், நெற்றி நிறைய விபூதியோடு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். போர்ச்சுகல் என்றார். சாவி என்ற வார்த்தை எந்த நாட்டுக் கப்பலில் வந்து இறங்கியது என்று நான் எங்கோ படித்திருந்தேன்.

"இவர விட்டுடுங்க மேனேஜர், பாவம், பசியில இருக்காரு" என்றேன். சாவி அதற்குள் உயரே போய்விட்டது.

"ஷாவி!" என்றார் வெள்ளைக்காரர்.

மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா சார், கடல் தாண்டிப் போயிருக்குது நம்ம தமிழு! முன்பக்க ரூமு!"

அந்த மனிதர் பேசாமல் மாடிக்குப் போயிருக்கலாம். உற்சாகத்தில் இங்கிலீஷில், தன் நாட்டு மாலுமிகள் இங்கே விட்டுச்சென்ற வார்த்தைகளைப் பற்றி ஆரம்பித்தார். "ஊரு ரொம்ப நல்லாருக்குதாம்" என்று நான் மொழிபெயர்த்தேன். ஆனால் அவர் ஜன்னலைக் காட்டி, "ஜனேலா" என்றார். மேசையைத் தட்டி, "மேஸா" என்றார். அலமாரியைக் காட்டி, "அர்மாரியு" என்றார். இதற்கு மொழிபெயர்ப்பு எதற்கு?

மேனேஜர் எழுந்தார். சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு, துணிப்பையோடு போய் வராந்தாவில் உட்கார்ந்தார். பின்னாலேயே வந்த வெள்ளைக்காரர் கீழே காட்டி, "வராந்தா" என்றார் பரிவோடு. மேனேஜர் தெருவில் இறங்கிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தவரை ஓடிப்போய்ப் பிடித்தேன். பெண்டாட்டி பிள்ளை இல்லாதவர். அந்த லாட்ஜை விட்டால் அவருக்குப் போக்கிடம் கிடையாது.

"ஊரே சிரிக்கும் சார். அடுத்தவன் பொருள வச்சிகினு பெருமை பேசிட்டேன்."

"கொண்டாந்தவங்க எப்பவோ கப்பலேறிப் போயிட்டாங்க. வார்த்த போகலையே?"

"எவ்ளோ நாளா இங்க இருக்குது?"

"நூத்துக்கணக்கான வருஷமா."

"நடுவுல ஒருக்காகூட ரூமக் காலி பண்ணலயா?"

"இல்லீங்க."

லாட்ஜ் மேனேஜருக்கு அது போதும். பையை என் கையில் கொடுத்தார். "அவ்ளோ நாளு தங்கிட்டா அப்புறம் என்னா சார் அசலூரு? அது நம்ம ஊருதான்" என்று திரும்பி நடந்தார்.

அன்று முதல் கேரளத்துக்காரர்களுக்கும் முன்பக்க அறை கிடைத்தது. நாற்காலியில் மட்டும் அவர் உட்காரவேயில்லை. நின்றுகொண்டே லாட்ஜை நடத்தினார்.

அடுத்த வருஷம் எனக்குச் சொந்த ஊருக்கே மாற்றல் வந்தது. வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த மனுஷரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.