பின்னாடி வரும் சீர்

"உடைஞ்சா நாங்க பொறுப்பில்லைன்னு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார் லாரி பார்சல் ஆபீஸ் குமாஸ்தா.

பேனாவை வாங்கிய வைரக்கண்ணு, வெளியே நின்ற லாரியை எட்டிப் பார்த்தார். சின்ன வெங்காயம் மூட்டை மூட்டையாக ஏறிக்கொண்டிருந்தது.

"மூட்டைக்கு மேலதானே வைப்பீங்க?"

"மேலதான் வைப்போம். அரியலூர்ல இன்னும் சரக்கு ஏறும். அப்புறம் எது மேல எது உக்காந்திருக்கும்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும்."

பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

அது ஜப்பான் டேப்ரிக்கார்டர். ஒன்பது வருடங்களுக்கு முன், 1990இல், தங்கை தேவயானியின் கல்யாணச் சீருக்கென்று அப்பா லப்பைக்குடிக்காட்டில் ஒரு துபாய்க்காரரிடம் சொல்லிவைத்து வாங்கியது. கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு, வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்த்த வைரக்கண்ணுவுக்கு அதை விட மனம் வரவில்லை. சபையில் சீர் அடுக்கும்போது, "டேப்பு ரிப்பேருக்குப் போயிருக்கு. பின்னாடி வரும்" என்று சொல்லிவிட்டார். அப்பா ஒரு பார்வை பார்த்தார். அந்த மாதம் முழுக்க சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கெங்கோ போய் வந்தார். எங்கே என்று கேட்க இவருக்கு வாய் வரவில்லை.

சீர் பின்னாடி வரவில்லை. வைரக்கண்ணுவும் தங்கை வாழப் போன மீன்சுருட்டிப் பக்கம் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? அப்பாவின் சாவுக்கு வந்த தங்கையைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பாட்டுக் கேட்பதும் மெல்ல நின்றுபோனது. பொத்தானை அழுத்தினால் பாட்டுக்கு முன்னால், "பின்னாடி வரும்" என்ற தன் குரல்தான் கேட்டது.

இப்போது தங்கையின் கடிதம். 'அபிநயாவுக்கு ஏழு வயசு முடியப்போகிறது. அண்ணன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்று இவ்வளவு நாள் காத்திருந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வந்துவிடு. வெறுங்கையோடு வந்தாலும் போதும்.'

கடைசி வரியை இருபது தடவை படித்தார். இருபது தடவையும் குத்தியது.

பெட்டி முதலில் போய்ச் சேர்ந்து, தங்கை வீட்டின் கோபம் தணிந்த பிறகு தான் நுழையலாம் என்பது அவர் போட்ட திட்டம். வெங்காயம் அதைக் கெடுத்தது.

"கையோட கொண்டு போங்க. மடியில வச்சுக்கிட்டா யாரு ஒடைக்கப் போறா?" என்றாள் மனைவி பரிமளா.

வைக்கோல் சுற்றினார்கள். அது போதாதென்று இரண்டு தலையணை. அதன்மேல் பரிமளாவின் மஞ்சள் சேலை. கட்டி முடித்தபோது பெட்டி கன்றுக்குட்டி அளவுக்கு இருந்தது. மடி என்ன, கட்டிலே கொள்ளாது.

வெள்ளிக்கிழமை காலை ஜெயங்கொண்டம் பஸ்ஸில் கண்டக்டர் வழிமறித்தார். "யோவ், இத டாப்புல போடு."

டாப்பா? சிமெண்ட் லாரிகள் உழுது போட்ட அரியலூர் ரோட்டில் டாப்பில் போனால் ஜப்பான்காரனே வந்தாலும் சேர்க்க முடியாது. வைரக்கண்ணு ஊருக்குப் பயந்த மனுஷர். பொய் சொல்வதில் பழக்கமும் குறைவு. வாயில் வந்ததைச் சொன்னார்.

"இது சாமிங்க."

"என்ன சாமி?"

"பிள்ளையார்."

கண்டக்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த இருவரை எழுப்பினார். பிள்ளையார் ஜன்னலோரம் உட்கார்ந்தார். வைரக்கண்ணு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அரியலூர் வருவதற்குள் பிள்ளையாருக்கு மூன்று முழம் மல்லிகையும் நெற்றியென்று தோன்றிய இடத்தில் குங்குமமும் சேர்ந்துவிட்டன. அரியலூரில் ஏறிய பூங்காவனம் என்ற அம்மாள் கையில் தீர்த்தச் சொம்போடு வந்தாள்.

"எம்மவனுக்கு வேலை கெடைக்கணும் சாமி" என்று சொம்பைத் தூக்கினாள்.

"அம்மா, ஊத்தாதீங்க! சாமிக்கு... சாமிக்குச் சளி பிடிச்சுக்கும்!"

"பிள்ளையாருக்கா சளி? ஆத்தங்கரையிலயே குந்தியிருக்கறவரு!" என்று முழுச் சொம்பையும் கவிழ்த்தாள்.

தண்ணீர் சேலையில் இறங்கி, தலையணையில் இறங்கி, வைக்கோலில் இறங்கியது. வைரக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குத்தான் பக்தி அதிகம் என்று பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

ஜெயங்கொண்டத்தில் இறங்கியதும் ஒரு போலீஸ்காரர் தோளைத் தொட்டார். "சிலையா? எந்தக் கோயில்து?"

"வீட்டுதுங்க."

"சுத்துப்பட்டு முழுக்கச் சோழர் காலத்துக் கோயிலு. நீ வூட்டுலேருந்து சாமி கொண்டாரியா? அவுரு கட்டை."

அவிழ்த்தார். மல்லிகை விழுந்தது, சேலை விழுந்தது, தலையணை விழுந்தது. ஈர வைக்கோலுக்கு நடுவே இரண்டு ஸ்பீக்கரோடு ஜப்பான் பெட்டி உட்கார்ந்திருந்தது.

"டேப்பு செட்டா!" போலீஸ்காரர் சிரித்துவிட்டார். கண்டக்டர் சிரிக்கவில்லை. "இனிமே நீ நெஜ சாமியோட வந்தாலும் ஏத்த மாட்டேன்யா."

"அடப்பாவி! பாட்டுப் பொட்டிகிட்டயா எம்மவன் வேலையக் கேட்டேன்?" என்று பூங்காவனம் மல்லிகையை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

நனைந்த தலையணைகளை அங்கேயே போட்டுவிட்டு அடுத்த டவுன் பஸ் ஏறினார். பெட்டி டாப்பில் போனது. இனி அதற்கு ஆவதற்கு ஒன்றுமில்லை.

மீன்சுருட்டியில் வாசலுக்கே ஓடி வந்த தேவயானி, பெட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இத எதுக்குண்ணே தூக்கிட்டு வந்தே?"

"இல்லம்மா, உனக்குச் சேர வேண்டியது..."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை தர்மன் பெட்டியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். யாரும் கேட்காமலே வைரக்கண்ணு பிளக்கைச் சொருகினார். 'டப்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. ஒன்பது வருடத்துக்குப் பிறகு வந்த சீர் அவ்வளவுதான் பாடியது.

"நல்ல நேரம் முடியப்போவுதுங்க. மாமன் வந்து உக்காருங்க" என்று ஆசாரி அவசரப்படுத்தினார்.

உட்கார்ந்தார். அபிநயா அவர் மடியில் ஏறிக்கொண்டாள். காது குத்தப்போகிற பயம்கூட இல்லாமல் சொட்டிக்கொண்டிருந்த பெட்டியையே பார்த்தாள்.

வைரக்கண்ணு அவள் காதருகே குனிந்தார். "அம்மாவுக்கு மாமா மேல இன்னும் கோவம் போகலையா, தங்கம்?"

"கோவம் உங்களுக்குத்தானே மாமா? அம்மா கல்யாணமான மாசமே தாத்தா இதே மாதிரி ஒண்ணு எங்க வூட்டுக்குக் கொண்டாந்து குடுத்துட்டாராம். அது தெரிஞ்சுதான் நீங்க வர்றதே இல்லைன்னு அம்மா சொல்லும்."