அக்கரையில் அத்தான், இக்கரையில் மாத்திரை

அன்பும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பயமும் வைத்திருக்கிற என் அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. நான் நலம். அத்தானும் நலம். அத்தான் நலம் என்பதை இன்னொரு முறை படித்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, அப்புறம் மேலே படி. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் "அத்தானுக்கு" என்று ஆரம்பித்தாலே நீ அழுதுவிடுவாய். மீதியை நான் யாரிடம் சொல்வது? அதனால்தான் மலையடிவாரத்து விடுதியில், ஒரு கால் ஆடுகிற மேசை முன்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதம் இன்று மாலைப் பஸ்ஸில் வரும், நாங்கள் நாளை மறுநாள் வருவோம். அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நீ இதைப் படித்திருக்க வேண்டும். ஏனென்றால் அவர் நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் இருக்கிறது. கீழே விழுந்து வந்ததல்ல. நான் அடித்தது.

இருபத்தாறு வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். மேலே ஏறுவது என்றால் எனக்குப் பொத்தானை அழுத்துவதுதான். அப்படிப்பட்டவனை நீதான் பிடித்துத் தள்ளினாய். இதய வால்வு மாற்றிய ஆபரேஷனுக்குப் பிறகு எட்டு மாதமாக அத்தான் ஜன்னல் பக்கத்து நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை, கணக்கு வாத்தியாரான மனிதர் ஒரு கூட்டல்கூடப் போடவில்லை, திடீரென்று ஒருநாள் "அஞ்சு நாள் மலையில நடக்கணும்" என்றார், டாக்டரும் நடக்கட்டும் என்றுவிட்டார், "என் தம்பி கூட வந்தா போங்க" என்று நீ சொல்லிவிட்டாய், என்னை யார் கேட்டார்கள்? தினம் சாயங்காலம் ஆறு மணிக்குத் தவறாமல் போட வேண்டிய, ரத்தம் கட்டாமல் வைக்கிற மாத்திரையைத் தகர டப்பாவில் போட்டு என் பையில் வைத்து, "அவர்கிட்ட குடுத்தா மறந்துடுவார், இது உன் பையை விட்டு எறங்கவே கூடாது" என்றாய். இறக்கவில்லை, அக்கா. நீ சொன்னதை அப்படியே கேட்டதால் வந்த வினைதான் எல்லாம்.

முதல் நாள் ஏற்றம். முதுகில் பதினாலு கிலோ. அத்தான் நூறு அடி நடப்பார், நிற்பார், மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடி பார்ப்பார், மறுபடி நூறு அடி நடப்பார். அவர் விரல் மணிக்கட்டுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் என் நாடிதான் நின்று நின்று வந்தது. இரண்டாம் நாள் கணவாயில் இன்னும் பனி கரையவில்லை. கோடை இப்போதுதானே தொடங்கியிருக்கிறது, வெயிலில் மேல்பனி இளகி, காலை வைத்தால் தொடைவரை உள்ளே போகிறது. நான் பதினோரு தடவை போனேன். அத்தான் ஒரு தடவைகூடப் போகவில்லை. நான் புதைந்த இடங்களையெல்லாம் பார்த்துவிட்டு, அவற்றை விட்டு விலகி நடந்தாராம்.

மூன்றாம் நாள்தான் விஷயம். இதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் மறைக்கப் போவதில்லை. பாதை நடுவில் சாணம் கிடந்தது. பெரியது, ஆவி பறந்தது. கரடி என்று முடிவு செய்தேன். அத்தான் எனக்குக் கொஞ்சம் பின்னால், ஏதோ ஒரு செடியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அத்தான், சீக்கிரம் வாங்க!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு ஓட ஆரம்பித்தேன். அவர் பின்னாலேயே வருகிறார் என்று நினைத்தேன் என்று உன்னிடம் சொல்லலாம். நினைக்கவில்லை. ஒன்றுமே நினைக்கவில்லை. ஓடினேன், அவ்வளவுதான். வழியில் ஓர் ஓடை வந்தது, குறுக்கே எட்டுக் கற்கள், எட்டையும் தாண்டி அக்கரைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் அத்தானைக் காணோம்.

உட்கார்ந்தேன். எழுந்தேன். கூப்பிட்டேன். திரும்பிப் போகலாமா என்றால் கரடி. போகாமல் இருக்கலாமா என்றால் நீ. இந்த யோசனையிலேயே அரைமணி நேரம் போனது. சரி, கரடியே தேவலை என்று எழுந்து பார்த்தால் எட்டுக் கல்லில் ஆறுதான் தெரிகிறது. மேலே பகல் வெயிலில் உருகிய பனி சாயங்காலம்தான் ஓடைக்கு வந்து சேர்கிறது என்பது இந்த லிப்ட்காரனுக்கு எப்படித் தெரியும்? கொஞ்ச நேரத்தில் நாலு. அப்புறம் ஒன்று. அந்த ஒன்றும் முழுகியபோதுதான், எதிர்க்கரையில் நிதானமாக, நூறு அடிக்கொரு தடவை நின்று, அத்தான் வந்து சேர்ந்தார். தண்ணீர் போட்ட இரைச்சலில் அவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. நான் கத்துவது எனக்கே கேட்கவில்லை. கூடாரம் அவரிடம், அடுப்பும் அரிசியும் என்னிடம். மாத்திரை என்னிடம். மணி ஐந்தரை.

அத்தான் கையைத் தூக்கி ஐந்து விரலைக் காட்டினார். இன்னும் ஐந்து நிமிடம்தான் தாங்குவேன் என்கிறார் என்று நினைத்து நான் தலையில் அடித்துக்கொண்டேன். காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் இறங்கும், அப்போது வருகிறேன் என்று சொன்னாராம். பிறகு என்னைப் பார்த்து உட்கார் என்று கைகாட்டினார். வகுப்பில் காட்டுவாரே, அதே கை.

உட்கார முடியுமா? டப்பாவில் ஆறு மாத்திரை இருந்தன. இரண்டை என் காலுறைக்குள் கல்லோடு முடிந்து வீசினேன். நடு ஓடையில் விழுந்து போயே போய்விட்டது. மணி ஆறு. மூன்றைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, ஒன்றை மட்டும் டப்பாவில் போட்டு, கூழாங்கல் திணித்து, மூடியைத் துணியால் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு என் பலம் முழுவதையும் கூட்டி எறிந்தேன். கண்ணைத் திறந்தபோது அத்தான் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் கை. கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன், அக்கா. வால்வு தப்பித்தது, ஆளைக் கொன்றுவிட்டேன் என்று. அவர் மெல்லப் புல்லைத் துழாவி டப்பாவை எடுத்தார், பிரித்தார், மாத்திரையைச் சாக்பீஸ் மாதிரி இரண்டு விரலில் பிடித்து எனக்குக் காட்டினார், வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். மணி ஆறு பத்து. பத்து நிமிடத் தாமதத்துக்கு டாக்டரிடம் நானே பொறுப்பு.

விடிந்ததும் பார்த்தால், அவர் சொன்னபடியே எட்டுக் கல்லும் வரிசையாக வெளியே நிற்கின்றன. அத்தான், விழுந்தால் பையை உதற வசதியாக அதன் இடுப்பு வாரைக் கழற்றிவிட்டு, இரண்டு ஊன்றுகோலோடு ஒவ்வொரு கல்லாக வந்தார். ஐந்தாவது கல்லில் நின்றார். சட்டென்று நெஞ்சில் கை வைத்தார். அவ்வளவுதான், நான் பூட்ஸோடு தண்ணீரில் குதித்தேன். குதித்த இடத்தில் பாசி. வழுக்கி விழுந்து நாலு அடி தூரம் உருண்டபோது காலரை ஒரு கை பிடித்து நிறுத்தியது. அத்தான்.

"மாப்ளே, சட்டைப் பையிலேருந்து மூக்குக் கண்ணாடி விழப் பாத்துது, புடிச்சேன். நீ எதுக்குக் குதிச்ச?"

கரையேறியதும் பூட்ஸைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினேன். "அத்தான், நேத்து உங்கள விட்டுட்டு ஓடிட்டேன். கரடி வருதுன்னு தெரிஞ்சும் ஓடிட்டேன்" என்றேன்.

"அது கரடி இல்ல, வனக்காவலரோட குதிரை. இருந்தாலும் நல்லாத்தான் ஓடுன."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க நெஞ்சு குலுங்கியது. எனக்கு அதைப் பார்க்கவும் பயமாக இருந்தது, நிறுத்தச் சொல்லவும் மனசு வரவில்லை. பிறகு மணிக்கட்டில் விரலை வைத்தார். தன் மணிக்கட்டில் அல்ல, என்னுடையதில். "நூத்தி முப்பது. உக்காரு" என்றார்.

இறங்குகிற வழியில் இருந்த வனக்காவலர் குடிசையில் ஈரத்தைக் காயவைத்துக்கொண்டு இறங்கி வந்து சேர்ந்தோம். ஐந்து நாள் என்று போனவர்களை நாலாம் நாளே கீழே இறக்கிவிட்டேன். இனி மலை என்ற பேச்சே கிடையாது. அவரை அந்த ஜன்னல் நாற்காலியிலேயே கொண்டுவந்து உட்கார வைத்து உன் கையில் ஒப்படைப்பேன். அதன் பிறகு என்னைத் திட்டு, அடி, சாப்பாடு மட்டும் போடு.

நீயும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

உன் கோபத்தை முன்கூட்டியே ஏற்றுக்கொள்கிற,
தம்பி

பி.கு: உறையை ஒட்டும் நேரத்தில் விடுதிக்கார அம்மா வந்து, "உங்க அக்கா போன் பண்ணாங்க, பஸ் ஏறிட்டாங்களாம்" என்கிறார். அத்தானைக் கேட்டால், நான் குடிசையில் தூங்கிக்கொண்டிருந்தபோதே காவலரின் போனில் உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். நீ அழவே இல்லையாம். டப்பா நெற்றியில் பட்ட கதையை மறுபடி மறுபடி சொல்லச் சொன்னாயாம், கடைசியில் "நானும் வர்றேன்" என்றாயாம். ஆக, இந்தக் கடிதம் போய்ச் சேரும் வீட்டில் அதைப் பிரிக்க நீ இருக்க மாட்டாய், நீ பஸ்ஸைவிட்டு இறங்கியதும் கையிலேயே தருகிறேன். சனிக்கிழமை காலைக்கு மலையேற மூன்று பேர் என்று அத்தான் பதிந்துவிட்டு வந்திருக்கிறார். வழக்கம்போல என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வருகிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன். அதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே.