யாருடைய துண்டு?

மேகநாட்டில் மழைக்குக் குறைவில்லை, மந்திரிகளுக்கும் குறைவில்லை. குறைந்தது கஜானா மட்டும்தான். ஒருநாள் நிதி மந்திரி சபையில் எழுந்து, "மன்னா, இந்த ஆண்டும் துண்டு விழுகிறது" என்றார். வரவைச் செலவு மிஞ்சினால் அங்கே அப்படித்தான் சொல்வார்கள். மன்னருக்குக் கணக்கு வழக்கில் பழக்கமில்லை.

"யாருடைய துண்டு?" என்றார்.

மன்னரைத் திருத்தியவர் எவரும் மறுநாள் சபைக்கு வந்ததில்லை.

"மக்களுடையது, மன்னா" என்றார் மந்திரி.

"துண்டை ஒழுங்காகத் தோளில் போடத் தெரியாதா? ஒவ்வொரு துண்டுக்கும் வரி போடுங்கள்."

சிம்மாசனத்தின் பின்னால் சாமரம் வீசிக்கொண்டிருந்த செவ்வந்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். சபையில் சிரிக்காத ஒவ்வொரு முகத்தையும் பார்க்கப் பார்க்க, அந்தச் சிரிப்பே பயமாக மாறியது.

அவள் கணவன் காத்தவராயன் சந்தையில் மூட்டை தூக்குகிறவன். துண்டைச் சுருட்டித் தலையில் சும்மாடாக வைத்தால்தான் அவனுக்குப் பிழைப்பு.

"பிரபுங்க தோள்ல தொங்குதே, அதுக்கும் வரி உண்டா?" என்று கேட்டான்.

"அது அங்கவஸ்திரமாம். அதுக்குக் கிடையாதாம்."

"அப்ப இதுவும் அங்கவஸ்திரம்தான் புள்ள."

"சொல்லிப் பாரு. முதல்ல சரிகை எங்கேன்னு கேப்பான்."

வரி கட்ட முடியவில்லை. சேவகர்கள் துண்டை எடுத்துப் போனார்கள். வெறுந்தலையில் உப்பு மூட்டை சுமந்தவனுக்கு ஒருநாள் கழுத்து பிசகியது. அன்றுமுதல் தலையை நிமிர்த்த முடியாமல் படுத்துவிட்டான். தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போனால், செலவுச் சீர்திருத்தத்தில் அதை மூடியிருந்தார்கள். மூடிய கதவுக்கு இரண்டு காவலர்கள் மட்டும் இருந்தார்கள். காவல் செலவில் கைவைக்கக்கூடாது என்பது மன்னரின் கொள்கை.

மறுவாரம் நிதி மந்திரி பூரிப்புடன் அறிவித்தார்: "மன்னா, இனி நாட்டில் துண்டு விழ வழியே இல்லை. யாரிடமும் துண்டு கிடையாது."

கஜானா பழையபடியே காலியாக இருந்தது. அதை அவர் சொல்லவில்லை. மன்னர் மனம் குளிர்ந்து பின்னால் திரும்பினார்.

"பெண்ணே, நீ ஊருக்குள் இருப்பவள். ஜனங்கள் எப்படி இருக்கிறார்கள்? பயப்படாமல் சொல்."

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் அவள் எத்தனையோ இரவு காத்திருந்தாள். வைத்தியசாலையைத் திறக்கச் சொன்னால் போதும். காத்தவராயன் எழுந்து உட்கார்ந்துவிடுவான். மந்திரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வேலையும் போனால் அவனுக்குக் கஞ்சிக்கு என்ன வழி என்று ஒரு கணம் நினைத்தாள். அந்த ஒரு கணமே போதுமானதாக இருந்தது.

"சந்தோசமா இருக்காங்க, மகாராஜா" என்றாள். யாரோ வேறொருத்தி பேசுவதுபோல் அவளுக்கே கேட்டது.

மன்னர் முகம் மலர்ந்தது. மந்திரியின் பக்கம் திரும்பினார்.

"கேட்டீரா? நாம்தான் வீணாகத் தயங்கிக்கொண்டிருக்கிறோம். இன்னும் தாங்குவார்கள்."